மூன்றாம் எழுத்தின் மேல் பென்சில் புள்ளி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொல்வார். அப்படிச் சொன்னதற்கும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். ஆனால் இங்கே எழுதப் போகிற காரியத்தில் கோபம் ஆரம்பம் மட்டும்தான். முடித்து வைத்தது பயம். கோபத்தில் செய்ததை என்னால் ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிகிறது. பயத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்களை இத்தனை வருடம் கழித்தும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு வந்து ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து எனக்கு மூன்றாவது வருடம். அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் மீன்களின் ஹார்மோன்களைப் பற்றி வேலை நடந்தது. ஹார்மோன் என்பது இரத்தத்தில் போகும் செய்தி. செய்தி போனால் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஏற்பி என்று பெயர். சினை பிடிக்கும் காலத்தில் பெண் மீனின் ஈரலுக்கு ஈஸ்ட்ரோஜன் போய், முட்டைக்கு வேண்டிய சத்தைத் தயார் செய் என்கிறது. ஈரலில் ஏற்பி இல்லையென்றால் யார் காதிலும் விழாது. நம் ஊர்க் கெளுத்தியில் அந்த ஏற்பியின் மரபணு எப்படி இருக்கிறது, மற்ற மீன்களில் இருப்பதிலிருந்து காலப்போக்கில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தீசிஸ்.

என் பேராசிரியர் மீன் இரத்தத்தில் ஹார்மோனை அளந்து பேர் வாங்கியவர். மரபணு வேலை அவருக்குப் புதிது. நான் ஒரு மாதப் பயிற்சிக்கு வேறோர் ஊருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததுதான் எங்கள் ஆய்வகத்தின் மொத்த ஞானம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், அதுதான் சங்கடம்.

எனக்கு உதவிக்கு ஒரு ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா. கோலார் தங்கவயல்காரர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். கணவரும் சுரங்கத்தில்தான் இருந்தார். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே பலமாக இருந்தது. மூடிவிட்டால் வீட்டுக்கு அக்காவின் வேலை ஒன்றுதான் பிடிமானம். அதுவோ வருடா வருடம் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. மார்ச் மாதம் வந்தால் அக்கா கொஞ்சம் அதிகமாகவே அமைதியாகிவிடுவார்.

தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கி, சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு நடந்துபோய், மூடி போட்ட பக்கெட்டில் உயிர்க் கெளுத்தி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். மீன்காரரிடம் தக்கனி உருது, பஸ் கண்டக்டரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். வயிற்றை ஒருமுறை பார்த்தாலே சினை மீனா இல்லையா என்று சொல்லிவிடுவார். நானும் ஒரு நாள் போய் நானே பொறுக்கி எடுத்து வந்தேன். ஆறும் ஆண். அக்கா சிரிக்கவில்லை, மறுநாள் தானே போய் வாங்கி வந்துவிட்டார்.

மரபணுவின் எழுத்துகளைப் படிப்பது இன்றைக்கு இயந்திரத்தின் வேலை. அன்றைக்கு எங்கள் ஆய்வகத்தில் மனிதர்தான் படிக்க வேண்டும். இருட்டறையில் கழுவி எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமை, டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற விளக்குப் பெட்டியில் மாட்டுவோம். நான்கு எழுத்துக்கு நான்கு பத்தி. கீழேயிருந்து மேலே கருப்புக் கோடுகள். எந்தப் பத்தியில் அடுத்த கோடு இருக்கிறதோ அதுதான் அடுத்த எழுத்து. ஒருவர் கோட்டைப் பார்த்து ஏ, டி, ஜி, சி என்று உரக்கப் படிக்க, இன்னொருவர் எழுதுவார். கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. நான் படிப்பேன், அக்கா எழுதுவார். மூன்று மூன்று எழுத்தாக இடம்விட்டு, வரிக்குப் பத்துக் கூறாக, அச்சடித்ததுபோல இருக்கும் அவர் எழுத்து. நோட்டில் இருப்பதெல்லாம் அவர் கை. படித்த குரலுக்கு அதில் தடயமே கிடையாது.

அந்த ஃபிலிம்களில் சில இடங்களில் ஒரே உயரத்தில் இரண்டு பத்திகளிலும் கோடு இருந்தது. மரபணுத் துண்டுகளைப் பிரிக்க ஓட்டுகிற ஜெல் சரியாக ஓடாவிட்டால் அப்படி வருவதுண்டு. அக்கா எழுதுவதோடு நிற்காமல் எட்டி ஃபிலிமையும் பார்ப்பவர். இங்கே ரெண்டு நிற்குதே என்றார். ஜெல் கோளாறு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு இடத்தில் அதையே சொன்னார். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"படிக்கிறது என் வேலை அக்கா. எழுதறது மட்டும் உங்க வேலை."

அவர் முகம் மாறியது தெரிந்தது. தெரிந்தும் நான் அடுத்த எழுத்துக்குப் போனேன்.

நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வெளிநாட்டு மீனின் ஏற்பி மரபணு ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அந்தத் தாள் என் இடது கைப் பக்கம் இருந்தது. இரண்டு கோடு வந்த இடத்தில் எல்லாம் ஓரக்கண்ணால் அதைப் பார்த்து, அதில் இருக்கிற எழுத்தையே உரக்கப் படித்தேன். அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. தாள் காற்றில் புரண்டுவிட்டபோதும், எனக்குச் சோம்பலாக இருந்தபோதும், கண்ணுக்குக் கருப்பாகத் தெரிந்த கோட்டைப் படித்தேன். சந்தேகம் என்று குறித்தால் மறுபடி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், மாதக்கணக்காகும். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஜெல் கோணல் என்றேன்.

மூன்று நாளில் படித்து முடித்தோம். அன்றைக்கு மாலை ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என்னிடம் திட்டு வாங்கிய பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் கண்ணுக்கு இரண்டு கோடு தெரிந்த எழுத்துகளின் தலையில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருந்தார்.

"கோச்சுக்காதீங்க மா, ஒண்ணு சொல்றேன். ரெண்டு வர்றதெல்லாம் மூணாவது எழுத்துலதான் வருது. பாருங்க, மேலேந்து கீழ வரைக்கும் வரிசையா நிக்குது."

நான் பார்க்கவில்லை. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ரயில் போய்விடும் என்று அனுப்பிவைத்தேன்.

ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். அந்த விஷயத்தை நான் பாடமாகவே படித்திருந்தேன். மரபணுவை உடல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். அதில் மூன்றாவது எழுத்து மாறினால் பெரும்பாலும் பாதகமில்லை. முதல் இரண்டு மாறினால் வேலை கெடும். அதனால் ஒரே மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டாகி, இரண்டுமே வேலை செய்துகொண்டு, யுகக்கணக்கில் தனித்தனியே காலம் தள்ளினால், அவற்றுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் மூன்றாவது எழுத்தில்தான் சேரும். ஜெல் அழுக்குக்கு மூன்று மூன்றாக எண்ணத் தெரியாது. ஃபிலிமில் இருந்தது அழுக்கல்ல, இரண்டு மரபணுக்கள். பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பக்கெட்டில் மீன் சுமந்து வந்தவர் அதைக் கண்ணால் கண்டு என்னிடம் காட்டினார்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினோம். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அண்மையில் வேறொரு மீனில் இப்படிப்பட்ட ஏற்பிகள் ஒன்றுக்கு மேல் இருப்பது தெரியவந்திருக்கிறது. உங்கள் வரிசையில் ஒரு துண்டு ஒன்றைப் போலவும் அடுத்த துண்டு இன்னொன்றைப் போலவும் மாறி மாறி வருகிறது. இப்படி ஒரு மரபணு எந்த மீனிலும் இருக்க வாய்ப்பில்லை. மூலப் பதிவுகளைச் சரிபாருங்கள் என்று இருந்தது. நான் படித்தது எந்தத் தண்ணீரிலும் இல்லாத ஒரு மீனை.

பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். அக்கா அப்போது மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். படிக்கட்டு ஏறும்போதே, மூன்று வருடம் போயிற்று, தீசிஸ் போயிற்று, வீட்டுக்குத் திரும்பி, பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று வரிசையாக ஓடியது மனசு.

அவர் நோட்டைப் புரட்டினார். யார் கையெழுத்து என்று கேட்டார். அக்காவுடையது என்றேன். இந்தப் புள்ளிகள் எல்லாம் என்ன என்று கேட்டார்.

"எழுதும்போது அக்காவுக்குச் சந்தேகம் வந்த இடங்கள், சார்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு அந்த ஒரு பிடிச் சோறே போதுமாக இருந்தது. எழுதியவருக்கே இவ்வளவு சந்தேகமா என்று அவர் உச்சுக் கொட்டினார். இல்லை, படித்தது நான், சந்தேகப்பட்டு என்னிடம் சொன்னவர் அவர் என்று சொல்ல அந்த இடத்தில் எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. நான் வேறு ஒன்று சொன்னேன். ஃபிலிம்களை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் நானே முதலிலிருந்து செய்துவிடுகிறேன் என்றேன். பொறுப்பான பெண் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலையசைத்தார். ஃபிலிம்களும் நோட்டும் என் மேசை இழுப்பறைக்குள் போயின.

அந்த மார்ச்சில் அக்காவின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. பேராசிரியர் கடுமையாகப் பேசுகிறவர் அல்ல. இந்த வேலைக்குக் கவனம் அதிகம் வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். அக்கா நேராக என்னிடம் வந்தார். நான் மைக்ரோஸ்கோப்புக்குத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

"நான் தப்பா எழுதிட்டேனா மா?"

குற்றச்சாட்டே இல்லை அந்தக் கேள்வியில். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"எல்லாருக்கும் நடக்கறதுதான் அக்கா. விடுங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீனுக்குத் தீனி போட வேண்டிய நேரத்தை எனக்கு நினைவுபடுத்திவிட்டு ரயிலுக்குப் போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அதற்கு முன் எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் நல்ல பிள்ளையாக வேலை செய்தேன். கலந்திருந்ததைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்தேன். இரண்டு மரபணுக்கள் தெளிவாக வந்தன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மீன்களின் மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்திருக்க வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. இரட்டித்தவற்றில் பல கெட்டு உதிர்ந்துபோக, சில தங்கின. அண்ணன் குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொள்ள, தம்பி மெல்ல வேறு தொழில் பழகிக்கொள்வது மாதிரி, தங்கியவற்றில் சில புது இடங்களில் புது வேலை எடுத்துக்கொண்டன. எங்கள் கெளுத்தியிலும் ஓர் ஏற்பி ஈரலில் அதிகம், மற்றது சினைப்பையில் அதிகம். நல்ல முடிவு. பேராசிரியர் மகிழ்ந்துபோனார்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அக்காவின் நோட்டை எடுத்து, இரண்டு மரபணுவும் எங்கெல்லாம் வேறுபடுகின்றன என்பதை அவர் வைத்த புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டோ மூன்றோ இடத்தைத்தான் அவர் விட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு நோட்டை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கட்டுரை அச்சாயிற்று. கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில், ஒரு ரசாயனம் கடன் கொடுத்தவர் பெயரும் படம் எடுத்துக் கொடுத்தவர் பெயரும் இருந்தன. அக்கா பெயரைச் சேர்த்தால் பேராசிரியர் ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்குப் பட்டம் வந்தது. பட்டத்தை வைத்து எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மரபணுக்களைக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்துகிற வேலை. கம்பெனி வண்டியில் போய் வந்தேன். சுரங்கம் மூடப்பட்ட செய்தியைப் பேப்பரில் படித்தபோது, தங்கவயலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

அக்காவின் வேலை போய் ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு பயிற்சிக்காகப் பக்கத்து வளாகத்துக்குப் போயிருந்தேன். இரண்டாம் மாடி நடைபாதையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஒருவர் கழிவறைக் கதவு கதவாகப் பார்த்து, என்னென்ன குறைகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். கூட வந்த இளம்பெண் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மா, நீங்களா?"

முடி நரைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனுக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். சுரங்கம் மூடியபின் குடும்பத்தோடு ஓசூர் சாலைப் பக்கம் வந்துவிட்டார்களாம். கணவர் ஒரு குடோனில் செக்யூரிட்டி. இந்த வேலை பரவாயில்லை, மரியாதையாக நடத்துகிறார்கள் என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது நிஜம்.  பேச்சை மாற்றுவதற்காக, சூப்பர்வைசர் என்றால் எழுத்து வேலையும் நிறைய இருக்குமே என்று கேட்டுவைத்தேன்.

"எழுதறது மட்டும் நான் வச்சுக்கறதில்ல மா. நான் எழுதினா தப்பாயிடும். அந்தப் பொண்ணுதான் எழுதும். பேங்க்ல ஃபாரம்கூட யாரையாச்சும் கேட்டுப்பேன். உங்களுக்குத்தான் தெரியுமே."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார், சபித்திருப்பார் என்றெல்லாம் நான் நினைத்துப் பயந்திருக்கிறேன். அவர் என் வார்த்தையை நம்பியிருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சொல்லிவிட்டேன். ஃபிலிம், பக்கத்தில் இருந்த தாள், பேராசிரியரிடம் சொன்ன வாக்கியம், இரண்டு மரபணு, பூட்டிய இழுப்பறை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ நான் எழுதினது?"

சரிதான் அக்கா என்றேன். நீங்கள் வைத்த புள்ளியும் சரி என்றேன்.  இதை எழுதிக் கொடுங்கள் என்றார் அவர்.

பயிற்சிக்குக் கொடுத்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். எனக்கு எழுதப் பழகிய நடையில் வேகமாக எழுதினேன். குறிப்பிட்ட மரபணு வரிசையில் ஏற்பட்டது ஆய்வகத்தின் வாசிப்புப் பிழை என்றும், அதற்கு இவருடைய கவனக்குறைவு காரணமல்ல என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மரியாதையாக, நியாயமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அந்த நிமிடம் தோன்றியது. அவர் இரண்டு தடவை படித்தார்.

"லேப்னா நானும்தானே மா" என்றார்.

தாளை என் பக்கம் நகர்த்தினார். குரலில் கோபம் இல்லை. நான் இன்னொரு தாள் கிழித்தேன். ஃபிலிமைத் தப்பாகப் படித்தது நான், தெரிந்தே படித்தேன், பேராசிரியரிடம் உண்மையை மறைத்ததும் நான், இவர் எழுதியது சரி, இவர் கண்டுபிடித்ததைத்தான் நான் என் பெயரில் போட்டுக்கொண்டேன் என்று எழுதினேன். எழுதி முடிக்கிறவரை அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளைப் படித்து, நான்காக மடித்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை உறைக்குள் செருகிக்கொண்டார். இப்போது ஏதாவது சொல்வார், திட்டுவார், அல்லது போனால் போகட்டும் என்பார் என்று காத்திருந்தேன். இரண்டில் எது வந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் பொண்ணு டென்த் முடிச்சிட்டு பயாலஜிதான் படிப்பேன்னு ஒரே அழுகை. மார்க்கும் இருந்துச்சு. நம்ம கைக்கு அதெல்லாம் வராது, நான் பட்டது போதும்னு நான்தான் காமர்ஸ்ல சேத்தேன். இப்ப பி.காம் கடைசி வருஷம்."

எழுந்து டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை அவகிட்ட காட்டறதா வேணாமான்னு இனிமே யோசிக்கணும் மா."

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, இரண்டாம் மாடிக்குப் படியேறிப் போனார்.